அரசு வக்கீல் யாருக்கு வக்கீல்? எதிரியின் வக்கீல் ஏன் அப்படியெல்லாம் கேட்கிறார்?

வைகைக்கரை:

வணக்கம். எங்கள் சித்தப்பா கொலை வழக்கு இப்போது செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சி விசாரணையில் இருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருப்பதால் ஊர், பெயர் எதையும் சொல்லவில்லை. சித்திதான் முதல் சாட்சி. கூண்டில் ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் அரசு வக்கீல் அவரிடம் பேசினார், அதுவும் வராந்தாவில் நின்றபடியே. "போலீஸில் சொன்னதை அப்படியே சொல்லுங்கம்மா" என்றார், அவ்வளவுதான். அப்புறம் எதிரிகளின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களின், வக்கீல் எழுந்து மதியச் சாப்பாடு வரைக்கும் கேள்வி கேட்டார். தெருவிளக்கு எந்தப் பக்கம் இருந்தது, நீங்கள் கட்டியிருந்த சேலையில் ரத்தம் பட்டதா, பட்டிருந்தால் ஏன் போலீஸில் ஒப்படைக்கவில்லை, ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் மூன்று பேர் என்றுதானே சொன்னீர்கள், இங்கே ஏன் ஐந்து பேர்? கடைசியில் "நீங்கள் சம்பவத்தைப் பார்க்கவே இல்லை" என்றார். சித்தி அங்கேயே உடைந்துபோய்விட்டார்.

நாங்களே ஒரு வக்கீல் வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டால், "உங்கள் வக்கீல் எழுந்து பேச முடியாது, பி.பி. மட்டும்தான்" என்கிறார்கள். அப்படியானால் பி.பி., அதாவது அரசு வக்கீல், யாருக்கு வக்கீல்? எங்களுக்கா, போலீஸுக்கா, ஆட்சிக்கா? ஊருக்கே தெரிந்த குற்றத்தில் எதிரிக்காக ஒருவர் மனசாட்சியோடு நின்று பேசுவது எப்படி? சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கீழக்கோர்ட்_வக்கீல்:

தம்பி, உங்கள் சித்திக்கு நடந்ததைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. நான் மாவட்டக் கோர்ட்டில் பெரும்பாலும் எதிரிகள் தரப்பில் ஆஜராகிறவன். அதைச் சொல்லிவிட்டே பேசுகிறேன்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: பி.பி. உங்கள் வக்கீல் இல்லை, போலீஸின் வக்கீலும் இல்லை. கொலையைச் சட்டம் உங்கள் குடும்பத்துக்கும் அந்த ஆட்களுக்கும் இடையிலான தகராறாகப் பார்ப்பதில்லை. மொத்தச் சமூகத்துக்கும் எதிரான குற்றமாகப் பார்க்கிறது. அதனால் செஷன்ஸ் விசாரணையை அரசுத் தரப்பில் நடத்த வேண்டியவர் பி.பி.தான் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 225ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே விஷயம் 248ஆம் பிரிவில் இருக்கிறது.

1999இல் ஷிவ் குமார் எதிர் ஹுகம் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. எப்படியாவது தண்டனை வாங்கியே தீர வேண்டும் என்ற வெறி பி.பி.க்கு இருக்கக் கூடாது, எதிரிக்குச் சாதகமான விஷயம் வழக்குக் கட்டில் இருந்தால் அதையும் கோர்ட்டின் முன் வைக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பாதிக்கப்பட்ட குடும்பம் அமர்த்தும் வக்கீலிடம் அந்த நிதானத்தை எதிர்பார்க்க முடியாது என்பதால்தான் விசாரணையை அவர் கையில் தருவதில்லை.

ஆனால் "உங்கள் வக்கீல் பேச முடியாது" என்பதோடு விஷயம் முடியவில்லை. 2009 டிசம்பர் 31 முதல் அமலான திருத்தத்தின்படி, பாதிக்கப்பட்டவர் தனக்கு விருப்பமான வக்கீலைப் பி.பி.க்கு உதவியாக வைத்துக்கொள்ளக் கோர்ட் அனுமதிக்கலாம். அவர் பி.பி. சொல்கிறபடி நடக்க வேண்டும். சாட்சி விசாரணை முடிந்ததும் கோர்ட் அனுமதியோடு எழுத்து மூலம் வாதம் தரலாம். 2019இல் ரேகா முரார்க்கா வழக்கில் உச்ச நீதிமன்றம், அவர் தானாக எழுந்து சாட்சியைக் கேள்வி கேட்கவோ வாய்மொழியாக வாதாடவோ உரிமை இல்லை என்றது. கேட்க வேண்டிய ஒரு கேள்வி விடுபட்டால் பி.பி.யிடம் எழுதிக் கொடுக்கலாம், அவர் கேட்காவிட்டால் கோர்ட்டின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம் என்றும் சொன்னது.

எழுந்து பேச முடியாத வக்கீலால் என்ன பயன் என்று நினைக்காதீர்கள். கட்டை முழுசாகப் படித்த ஒருவர் பி.பி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வழக்கின் நடையே மாறும். எதிர்த்தரப்பில் இருந்து நான் பார்த்துச் சொல்கிறேன். எதிரிகள் விடுதலையானால் மேல்முறையீடு செய்யவும் அதே திருத்தம் உங்களுக்கு உரிமை கொடுத்தது. அரசு மேல்முறையீடு செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

ராணிப்பேட்டை_ரவி:

சட்டப்புத்தகத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும் சார். ஆட்சி மாறினால் பி.பி. மாறுகிறாரா இல்லையா? கட்சிக்காரர்தானே வருகிறார்? அவர் எப்படி நடுநிலையாக இருப்பார்? எங்கள் ஊரில் ஒரு சாதாரண ஆளுக்கும் தெரிந்த விஷயம் இது.

ஓய்வு_ஏபிபி:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் உதவி அரசு வழக்குரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இருக்கும் ஏ.பி.பி., தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வருகிற அரசு ஊழியர். குற்ற வழக்குத் தொடர்வுத் துறையின் கீழ் வேலை. எந்த ஆட்சி வந்தாலும் இருப்பார். செஷன்ஸ் கோர்ட்டில் இருக்கும் பி.பி. அப்படியில்லை. ஏழு ஆண்டுகளுக்குக் குறையாமல் தொழில் செய்த வக்கீல்களில் இருந்து, மாவட்ட நீதிபதியைக் கலந்து கலெக்டர் தயாரிக்கும் பட்டியலை வைத்து அரசு நியமிக்கிறது. ரவி சொல்கிற நோய் அங்கேதான் இருக்கிறது. மறுக்க மாட்டேன்.

அதை ஒரு கட்சியின் குறை என்று நான் சொல்லமாட்டேன். யார் வந்தாலும் நடப்பதுதான். பெயர் வாங்கிய உதாரணம் ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு. 2001இல் ஆட்சி மாறிய பிறகு, ஏற்கெனவே விசாரிக்கப்பட்ட 76 அரசு சாட்சிகள் குறுக்கு விசாரணைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அதில் 64 பேர் முன்பு சொன்னதில் இருந்து மாறினார்கள். அரசுத் தரப்பு வக்கீல் அவர்களைப் பிறழ் சாட்சிகளாக அறிவிக்கக் கேட்கவில்லை, குறுக்கு விசாரணைக்குப் பிறகு அவரே மறுபடி கேட்கும் மறு விசாரணையும் செய்யவில்லை. தி.மு.க.வின் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பர் 18 அன்று வழக்கு கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே சிறப்பு அரசு வழக்குரைஞராக பி.வி. ஆச்சார்யா வந்தார், பிறகு பவானி சிங் வந்தார். பெங்களூரு தனி நீதிமன்றம் 2014 செப்டம்பர் 27இல் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்ற மேல்முறையீட்டில் பவானி சிங்கை நியமிக்கத் தமிழ்நாடு அரசுக்கு அதிகாரமே இல்லை என்று 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மேல்முறையீட்டில் வந்த விடுதலையை 2017 பிப்ரவரி 14இல் ரத்துசெய்து, கீழ்க்கோர்ட் தீர்ப்பை மீட்டது.

கவனியுங்கள். சாட்சிகள் அதேதான், ஆவணங்களும் அதேதான். அரசுத் தரப்பு நாற்காலியில் யார் உட்கார்கிறார், அவரை யார் உட்கார வைத்தார்கள் என்பதில்தான் வழக்கின் போக்கே ஆடியது. பி.பி. நியமனத்தை ஆட்சியிடம் இருந்து பிரிக்க வேண்டும் என்று நான் பணியில் இருந்தபோதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

வைகைக்கரை, உங்கள் பி.பி. கூண்டுக்கு முன்னால்தான் பேசினார் என்றீர்கள். அது தவறுதான். ஆனால் அவர் வேலை எப்படி நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கைப் புலனாய்வு செய்வது இன்ஸ்பெக்டர். யாரைக் கைது செய்வது, யாரிடம் வாக்குமூலம் வாங்குவது, எந்தப் பொருளைப் பரிசோதனைக்கு அனுப்புவது எல்லாம் அவர் முடிவு. 2000இல் ஆர். சரளா எதிர் டி.எஸ். வேலு என்று நம் மாநிலத்தில் இருந்தே போன வழக்கில், குற்றப்பத்திரிகை போடும் முன் பி.பி.யின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று புலனாய்வு அதிகாரிக்குக் கோர்ட் உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகாரி தானாக ஆலோசனை கேட்கலாம், கட்டாயம் இல்லை. போலீஸும் அரசு வக்கீலும் ஒரே கையாகிவிடக் கூடாது என்பதால் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் நடைமுறையில் பி.பி. கையில் வந்து சேருவது முடிந்துபோன கட்டு. சேலையைக் கைப்பற்றாமல் விட்டது, மருத்துவமனைக் குறிப்பில் எண்ணிக்கை மாறியது எல்லாம் அவர் பார்க்கும்போது பழைய கதை. அவரால் திருத்த முடியாது. இருப்பதை வைத்துக்கொண்டு நடத்த வேண்டும்.

அதோடு ஒரே நாளில் பல கோர்ட்டுகளில் ஜாமீன் மனு ஆட்சேபம், சாட்சி, வாதம் என்று ஓட வேண்டும். இவ்வளவு இருந்தாலும், முதல் சாட்சியை முந்தின நாளே வரச்சொல்லி உட்கார வைத்துப் பேசாத பி.பி.யை நான் ஏற்கமாட்டேன். சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் தப்பு. வாக்குமூலத்தைப் படித்துக்காட்டுவதும், கோர்ட்டில் என்ன நடக்கும் என்று சொல்வதும் தப்பே இல்லை.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி ஐயா. போலீஸில் சித்தி சொன்னதை எழுதின தாளில் அவர் கையெழுத்தே இல்லை. அதுவும் எங்களுக்குச் சந்தேகமாக இருந்தது.

கீழக்கோர்ட்_வக்கீல்:

அது சரியான நடைமுறைதான். பழைய நடைமுறைச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. அது சாட்சியமும் இல்லை. கூண்டில் சாட்சி மாற்றிச் சொன்னால் முரண்பாட்டைக் காட்ட மட்டும்தான் பயன்படும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சித்தியிடம் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் ஏன் வந்தது என்று சொன்னால் உங்களுக்கு மனசு ஆறுமோ என்னமோ, புரியவாவது செய்யும்.

கொலை வழக்கில் எங்களுக்கு நகல்கள் கிடைத்ததும் முதலில் நேரங்களைத்தான் வரிசையாக எழுதுவோம். சம்பவம் எத்தனை மணிக்கு, ஆஸ்பத்திரியில் சேர்த்தது எத்தனை மணிக்கு, புகார் எத்தனை மணிக்கு, எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்குப் போனது எத்தனை மணிக்கு. எஃப்.ஐ.ஆரின் மேல் மாஜிஸ்திரேட் பெற்ற நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். ராத்திரி ஒன்பதுக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். பக்கத்துத் தெருவில் இருக்கிற மாஜிஸ்திரேட்டுக்கு மறுநாள் மத்தியானம் போயிருந்தால், இடையில் என்ன நடந்தது? உட்கார்ந்து யோசித்துப் பெயர்களைச் சேர்த்தார்களா? இந்தத் தாமதம் மட்டுமே வழக்கை உடைக்காது. வேறு முரண்பாட்டோடு சேர்ந்தால் உடைக்கும்.

அடுத்து ஏ.ஆர். நகல், அதாவது அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததும் டியூட்டி டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேடு. யார் தாக்கியது, எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா என்று அவர் கேட்டு எழுதுவார். போலீஸ் வருவதற்கு முன் எழுதப்பட்ட முதல் காகிதம் பெரும்பாலும் அதுதான். அதில் மூன்று, எஃப்.ஐ.ஆரில் ஐந்து என்றால் எந்த வக்கீலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் உட்கார முடியாது. நம் கிராமங்களில் முன்பகை இருக்கும் வீட்டின் ஆண்கள் எல்லோரையும் எஃப்.ஐ.ஆரில் சேர்த்துவிடும் பழக்கம் இருக்கிறது. நிஜமாக வெட்டியவன் இரண்டு பேர் இருப்பான். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியும் அண்ணனும் சேர்ந்து சிறைக்குப் போவார்கள். உங்கள் வழக்கைச் சொல்லவில்லை. கோர்ட் இதை எப்போதும் மனதில் வைத்திருக்கும் என்று சொல்கிறேன்.

"நீங்கள் பார்க்கவே இல்லை" என்பது அவமானப்படுத்தக் கேட்ட கேள்வி இல்லை. எதிர்த்தரப்பின் நிலைப்பாடு என்ன என்பதைச் சாட்சியின் முன்னால் வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் சாட்சி சொன்னதை நாங்கள் மறுக்கவில்லை என்று ஆகிவிடும். சித்தியின் வாக்குமூலத்தைக் கோர்ட் எழுதிய விதத்தைப் பாருங்கள். "நான் சம்பவத்தைப் பார்க்கவில்லை என்றும் பொய் சாட்சி சொல்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல" என்று முடிந்திருக்கும். கிட்டத்தட்ட எல்லா அரசு சாட்சியின் குறுக்கு விசாரணையும் அப்படித்தான் முடியும். அதைக் கேட்டு நீதிபதி உங்கள் சித்தியைப் பொய்யர் என்று நினைக்கமாட்டார்.

அதே நேரம் எதையும் கேட்கலாம் என்று இல்லை. ஆபாசமான, இழிவுபடுத்தும் நோக்கமுள்ள கேள்விகளைத் தடுக்கக் கோர்ட்டுக்குச் சாட்சியச் சட்டத்திலேயே அதிகாரம் இருக்கிறது. பாலியல் வன்முறை வழக்கில் பெண்ணின் முந்தைய நடத்தையைப் பற்றிக் கேட்கத் தடை. போக்சோ வழக்கில் குழந்தையிடம் வக்கீல் நேரடியாகவே கேட்க முடியாது, கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் கேட்பார். இங்கே பி.பி. எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். வாயைத் திறக்காத பி.பி., கண்டுகொள்ளாத நீதிபதி இரண்டு பேரும் சேர்ந்தால்தான் சாட்சி கூண்டில் நசுங்குகிறார்.

செல்வி_சட்டம்:

சார், நான் சட்டக் கல்லூரி மூன்றாம் ஆண்டு. எதிரி உங்களிடமே வந்து "நான்தான் செய்தேன்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள்? வகுப்பில் கேட்டால் பார் கவுன்சில் விதியைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கீழக்கோர்ட்_வக்கீல்:

விதியே நல்ல இடத்தில் இருந்துதான் ஆரம்பிக்கிறதம்மா. குற்றம் செய்தானா இல்லையா என்பது பற்றி வக்கீலுக்கு இருக்கும் சொந்த அபிப்பிராயத்தைப் பொருட்படுத்தாமல் அவனுக்காக ஆஜராக வேண்டும் என்கிறது. அதற்கு அடுத்த விதி அரசுத் தரப்பு வக்கீலுக்கு. நிரபராதி தண்டிக்கப்படும்படி வழக்கு நடத்தக் கூடாது, அவன் நிரபராதி என்று காட்டக்கூடியதை மறைக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அர்த்தம்.

அவன் என்னிடம் சொன்னதை நான் வெளியே சொல்ல முடியாது. சொன்னால் நாளை எந்த எதிரியும் எந்த வக்கீலிடமும் உண்மை பேசமாட்டான். ஆனால் அவன் சொன்ன பிறகு என் கை ஓரளவு கட்டப்பட்டுவிடுகிறது. வேறு ஒருவன்தான் கொன்றான் என்று பொய்யாக ஒரு கதை கட்ட மாட்டேன், பொய் சாட்சியைக் கூண்டில் ஏற்ற மாட்டேன். அரசுத் தரப்பு நிரூபித்ததா என்று சோதிப்பேன். தண்டனையின் அளவுக்காகப் பேசுவேன். கோபத்தில் நடந்ததா, திட்டமிட்டு நடந்ததா என்பது ஒருவனின் முழு ஆயுளையும் தீர்மானிக்கும்.

அந்தச் சோதனை ஏன் முக்கியம் என்று ஒப்புதல் வாக்குமூலத்தைப் பார்த்தால் தெரியும். போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. விதிவிலக்கு, அதன் மூலம் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும். இந்த எல்லையைக் கோடு போட்டுக் காட்டியது 1946 டிசம்பரில், அன்றைய உச்சபட்ச நீதிமன்றமான பிரிவி கவுன்சில், பழைய சென்னை மாகாணத்தில் இருந்து போன புளுக்குரி கோட்டையா வழக்கில். இன்றைக்கு நம் ஊர்க் கட்டுகளைப் பிரித்தால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி: பஸ் ஸ்டாப்பில் கைது, வி.ஏ.ஓ.வும் தலையாரியும் முன்னிலையில் வாக்குமூலம், முள்புதரில் இருந்து அரிவாள். சில சமயம் அது அப்படியே உண்மையாக இருக்கும். சில சமயம் இருக்காது. எது எது என்று பிரித்துப் பார்க்க, வி.ஏ.ஓ.வைக் கூண்டில் நிறுத்தி அன்று அவர் எங்கே இருந்தார், எந்த வண்டியில் போனார், பொருளைக் கைப்பற்றியதற்கான மகஜரை யார் எழுதினார் என்று கேட்பதைவிட வேறு வழி எனக்குத் தெரியாது.

ராணிப்பேட்டை_ரவி:

இதெல்லாம் சரி. சில குற்றங்கள் இருக்கின்றன, அதைச் செய்தவனுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கமே தீர்மானம் போடுகிறதே. அது நியாயம்தானே? சங்கத்துக்கே அருவருப்பாக இருக்கும்போது மற்றவர்களுக்கு என்ன?

ஓய்வு_ஏபிபி:

அந்தத் தீர்மானங்கள் செல்லாது ரவி. அதைச் சொன்ன தீர்ப்பே நம் கோயம்புத்தூரில் இருந்து வந்தது. அங்கே போலீஸுக்கும் வக்கீல்களுக்கும் மோதல். அந்த வழக்கில் எதிரிகளான போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் ஏ.எஸ். முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு வழக்கில், மார்க்கண்டேய கட்ஜு இருந்த அமர்வு, இப்படிப்பட்ட தீர்மானம் எதுவுமே சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. மீரட் சதி வழக்கில் கம்யூனிஸ்டுகளுக்காகவும் காந்தி கொலை வழக்கின் எதிரிகளுக்காகவும் இந்திய வக்கீல்கள் ஆஜரான வரலாற்றையும் எடுத்துச் சொன்னது.

அரசு வக்கீலாக இருந்தவன் என்ற முறையில் இன்னொன்று சொல்கிறேன். எதிர்த்தரப்பில் நல்ல வக்கீல் இருந்தால்தான் நான் வாங்கும் தண்டனை மேல்முறையீட்டில் நிற்கும். ராஜீவ் காந்தி கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட நாட்டுக்கே வெறுப்பான வழக்கு உண்டா? 1998 ஜனவரி 28இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. உச்ச நீதிமன்றத்தில் மூத்த வக்கீல் என். நடராசன் அவர்களுக்காக வாதாடினார். 1999 மே 11இல் 4 பேருக்குத் தூக்கு உறுதியானது, 3 பேருக்கு ஆயுள், மீதி 19 பேர் கொலைக் குற்றத்தில் இருந்து விடுபட்டார்கள். யாரும் ஆஜராகக் கூடாது என்று எல்லா வக்கீல்களும் கட்டுப்பாடாக இருந்திருந்தால் அந்த 19 பேர் என்ன ஆகியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ராணிப்பேட்டை_ரவி:

26இல் 19 என்பது எனக்குத் தெரியாது. யோசிக்க வைக்கிறது. ஆனாலும் பணமுள்ள எதிரிக்குத்தான் நல்ல வக்கீல், இல்லாதவனுக்கு யாரோ ஒருவர் என்பது மாறவில்லையே.

கோர்ட்_டூட்டி_ஏட்டு:

நான் போலீஸ். கோர்ட் வேலையாகவே பல ஆண்டுகள் பார்த்தவன். பெரியவர்கள் தீர்ப்புகளைச் சொல்கிறார்கள், நான் வராந்தாவைச் சொல்கிறேன்.

சாட்சிக்குச் சம்மன் கொண்டுபோவது நாங்கள். கூலிவேலைக்காரர் ஒரு நாள் கூலியை விட்டு வருவார். காலை பத்தரைக்கு வந்தால் சாயங்காலம் "இன்று இல்லை, வாய்தா" என்பார்கள். எதிரிகளும் அதே வராந்தாவில், அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். டீ வாங்கிக் கொடுப்பார்கள். "நமக்குள்ள என்ன இருக்கு" என்று பேச்சு ஆரம்பிக்கும். மூன்றாவது வாய்தாவில் சாட்சி எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பார். பிறழ் சாட்சி ஒரே நாளில் உருவாவதில்லை. அரசு வக்கீல் கேட்கும் முதல் விசாரணை ஒரு தேதியில், குறுக்கு விசாரணை பல மாதம் கழித்து என்றால் அந்த இடைவெளிதான் வழக்கைத் தின்கிறது.

கீழக்கோர்ட்_வக்கீல்:

ஏட்டையா சொல்வது முழுக்க உண்மை, அதில் எங்கள் தரப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது. குறுக்கு விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்பது எதிர்த்தரப்பின் பழைய தந்திரம். 2015இல் வினோத் குமார் எதிர் பஞ்சாப் வழக்கில் ஒரு சாட்சியின் முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவே ஒரு வருடம் எட்டு மாதம் ஓடியிருந்தது. அதற்குள் சாட்சி பாதி மாறிப்போனார். உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. சாட்சி வந்துவிட்டால் அன்றைக்கே முடிக்க வேண்டும், விசாரணை நாள்தோறும் தொடர வேண்டும் என்பதுதான் சட்டம். நியாயமான காரணத்துக்கு வாய்தா கேட்கலாம், சாட்சியைச் சோர்வடைய வைக்கக் கேட்பது தொழிலுக்கே துரோகம். இதைச் சொல்வதால் என் சக வக்கீல்கள் சிலருக்கு என் மேல் வருத்தம் உண்டு. இருக்கட்டும்.

சாட்சி மாறினாலே வழக்கு போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். சாதிக்காகக் கொல்லப்பட்ட பட்டியல் சமூக இளைஞர் கோகுல்ராஜ் வழக்கில் முக்கியமான சாட்சி பிறழ் சாட்சியானார். தாயார் விடாமல் போராடினார். அவர் கேட்டபடி பி. மோகன் சிறப்பு அரசு வழக்குரைஞராக வந்தார், விசாரணை நாமக்கல்லில் இருந்து மதுரைக்கு மாறியது. திருச்செங்கோடு கோயிலின் சிசிடிவி பதிவும் சூழ்நிலைச் சாட்சியங்களும் கோர்ட்டின் முன் ஒழுங்காக வைக்கப்பட்டன. 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள், 5 பேர் விடுதலை. 2023 ஜூனில் உயர் நீதிமன்றமும் அதைப் பெரும்பாலும் உறுதிசெய்தது, இரண்டு பேருக்கு மட்டும் தண்டனையைக் குறைத்தது. 5 பேர் விடுதலையானதையும் சேர்த்தே நான் இதை நல்ல விசாரணை என்பேன். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைச் சட்ட விதிகளிலேயே பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வக்கீலை அமர்த்த வழி இருக்கிறது. பலருக்கு அது தெரியவே தெரியாது.

ரவி, பணம் பற்றிக் கேட்டீர்கள். அதுதான் இந்த இழையிலேயே கனமான கேள்வி. சிறையில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் என்று 1987ஆம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. ஆனால் வக்கீல் என்று ஒருவர் பக்கத்தில் நின்றால் போதுமா? மத்தியப் பிரதேசத்து அனோக்கிலால் வழக்கைப் பாருங்கள். 2013இல் அவருக்குக் கோர்ட் ஒரு வக்கீலை நியமித்த அதே நாளில் குற்றச்சாட்டும் வனையப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் தூக்குத் தண்டனை. கட்டைப் படிக்கவே நேரம் இல்லாத வக்கீல் எதைக் குறுக்கு விசாரணை செய்வார்? 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்துசெய்து, விசாரணையை மறுபடி நடத்தச் சொன்னது. ஆயுளோ தூக்கோ வரக்கூடிய வழக்கில் குறைந்தது பத்து ஆண்டு அனுபவமுள்ள வக்கீல் வேண்டும், தயாராக வழக்கமாகக் குறைந்தது 7 நாள் கொடுக்க வேண்டும் என்றது. வேகமான தண்டனை வேண்டும் என்று நாம் எல்லோரும் கேட்கிறோம். அந்த வேகத்தின் விலையை அந்த மனிதர் தூக்குக் கைதியாக இருந்து கொடுத்தார்.

செல்வி_சட்டம்:

சார், படிப்பு முடிந்ததும் எந்தப் பக்கம் போவது என்று எனக்குக் குழப்பம். ஏ.பி.பி. தேர்வுக்குப் படிக்கலாமா, இல்லை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எதிரிகளுக்காக முழுநேர வக்கீல்கள் எடுக்கிறார்களே, அதில் சேரலாமா? ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வரமுடியாதா?

ஓய்வு_ஏபிபி:

வரலாம் மகளே. எத்திராஜ் கல்லூரியை நிறுவிய வி.எல். எத்திராஜ் சென்னையில் கிரவுன் பிராசிக்யூட்டராக, அதாவது பிரிட்டிஷ் ஆட்சியின் அரசு வக்கீலாக, இருந்த முதல் இந்தியர். அதே மனிதர்தான் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்காகவும் என்.எஸ். கிருஷ்ணனுக்காகவும் வாதாடினார், 1947இல் இருவரும் விடுதலையானார்கள். ஏ.பி.பி. தேர்வுக்குக் கிரிமினல் கோர்ட் அனுபவம் கேட்பார்கள். அதனால் எப்படியும் முதலில் நீ வக்கீலாகத்தான் நிற்க வேண்டும். எதிரிகள் தரப்பில் நின்று கற்றுக்கொண்டு வந்தவர்கள் நல்ல அரசு வக்கீல்களாக இருந்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கட்டில் ஓட்டை எங்கே இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கீழக்கோர்ட்_வக்கீல்:

நீ சொல்கிற திட்டம் 2022இல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்தது. முன்பெல்லாம் சட்ட உதவிப் பட்டியலில் இருக்கும் வக்கீலுக்கு வழக்குக்கு வழக்கு ஒரு சிறு தொகை கொடுப்பார்கள். அவர் தன் சொந்த வழக்குகளுக்கு நடுவே இதையும் பார்ப்பார். இப்போது முழுநேரம், மாதச் சம்பளம், தனியார் வழக்கு எடுக்கக் கூடாது. தலைமை வக்கீல், துணை, உதவி என்று மூன்று நிலை. புதிதாக வருகிறவர்கள் உதவி நிலையில் சேரலாம். அரசுத் தரப்புக்கு ஒரு அலுவலகம் இருப்பதுபோல வசதியில்லாத எதிரிக்கும் ஒரு அலுவலகம் வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது ஓரளவு நடந்திருக்கிறது. எல்லா மாவட்டத்திலும் ஒரே தரத்தில் இல்லை, ஆனால் நல்ல ஆரம்பம்.

சேருவதற்கு முன் ஒரு வேலை செய். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ரிமாண்ட் நேரத்தில் போய் நில். கைது செய்து கொண்டுவருபவர்களிடம் அடித்தார்களா, வக்கீல் இருக்கிறாரா, வீட்டுக்குத் தகவல் போனதா என்று மாஜிஸ்திரேட் கேட்க வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையை அவர் எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்று கசாப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லியிருக்கிறது. எத்தனை கோர்ட்டில் கேட்கிறார்கள், அந்த நேரத்தில் சட்ட உதவி வக்கீல் அங்கே இருக்கிறாரா என்று குறித்துக்கொள். அறுபது நாளோ தொண்ணூறு நாளோ தாண்டியும் குற்றப்பத்திரிகை வராத வழக்கில் ஜாமீன் கேட்க ஆள் இல்லாமல் உள்ளே இருப்பவர்கள் யார் என்று சிறைக்குப் போகும் வக்கீல்களிடம் விசாரி. ஒரு மனு எழுதத் தெரிந்தால் போதும், அவர்கள் வெளியே வரலாம். வேலையில் சேர்ந்த முதல் வாரமே உனக்கு அதுதான் வேலை.

வைகைக்கரைக்கு: 15100 என்ற எண் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண். சித்தி பெண் என்பதால் வருமானச் சான்று இல்லாமலே அவருக்கும் வக்கீல் உதவி கேட்கலாம். இதுவரை விசாரித்த சாட்சிகளின் வாக்குமூல நகலுக்கு மனு போட்டு வாங்கிவிட்டு, அதோடு அந்த வக்கீலைப் பாருங்கள். டாக்டரும் இன்ஸ்பெக்டரும் கூண்டில் ஏறுவதற்கு முன்னால் பார்த்துவிட்டால் நல்லது.